ராயபுரத்துக்கு நாலு ஜெர்மன் பீர்

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே நாலு பீர் பாட்டில்கள். ஒவ்வொன்றையும் ஒரு நைட்டிக்குள் சுருட்டி வைத்திருந்தேன். அவர் முதல் நைட்டியைப் பிரித்தார். பாட்டிலைப் பார்த்தார், என் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்தார், நரைத்த தலையைப் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். ராயபுரத்தில் இருக்கும் அண்ணனுக்கு என்றேன். ஓர் ஆள் இரண்டு லிட்டர் கொண்டுவரலாம்; நான் நாலு அரை லிட்டர்தான் வைத்திருந்தேன். அவர் பெட்டியை மூடிவிட்டு, தனக்கும் ஒரு தங்கை உண்டு, அவள் வெளிநாட்டிலிருந்து ஒரு சோப்புக் கட்டிகூடக் கொண்டுவந்ததில்லை என்று வருத்தப்பட்டு என்னை அனுப்பினார்.

நான் ஸ்டெல்லா. ஜெர்மனியில் பாம்பெர்க் என்ற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். இருபத்துநாலு வயதில் கன்னியாஸ்திரிகள் மூலமாக அங்கே போனவள், முப்பத்துநாலு வருஷம் ஓடிவிட்டது. பாம்பெர்க்கில் தெருவுக்குத் தெரு பீர் வடிக்கிறார்கள். எங்கள் இல்லத்தில் தொண்ணூறு வயதுப் பாட்டிமார்கள் மதியச் சாப்பாட்டோடு ஒரு சின்னக் கிளாஸ் குடித்துவிட்டுத் தூங்கப் போவார்கள். நான் அங்கே போன புதிதில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது எந்த பீருக்கு எந்தக் கிளாஸ் என்று புதிதாக வரும் நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளே நான்தான்.

என்னை வரச் சொன்னது அண்ணன் இல்லை, அண்ணி. அண்ணன் அமல்ராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதன் பிறகு காசிமேட்டில் இரண்டு ஓட்டல்களுக்கு மீன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சம்பளத்துக்கு என்பதைவிட ஆசைக்கு. நாலு வருஷத்துக்கு முன்னால், கொரோனா ஜுரத்துக்குப் பிறகு, முட்டி வலி என்று அதை விட்டுவிட்டார். சிரிப்பு குறைந்துவிட்டது, யாரோடும் பேசுவதில்லை, சாப்பாட்டில் எப்போதும் குறை என்று அண்ணி போனில் சொன்னாள். "ஒரு தபா வந்து பாத்துட்டுப் போ ஸ்டெல்லா" என்றாள். ரீட்டா அண்ணி என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நாலு பாட்டிலைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. வடக்கே குடிக்கும் கசப்பான பில்ஸ்னர் ஒன்று. தெற்கின் கலங்கலான கோதுமை பீர் ஒன்று. எங்கள் ஊருக்கே உரிய புகை பீர் ஒன்று; அதற்கான முளைகட்டிய தானியத்தை விறகுப் புகையில் காயவைப்பார்கள். நாலாவது லைப்சிக் பக்கத்து கோஸெ, உப்பும் தனியாவும் போட்டு வடிப்பது. போனில் பெயரைக் கேட்டதும் அண்ணி, முட்டைகோஸில் கூட பீர் செய்வார்களா என்று கேட்டாள்.

வந்த அன்று மாலையே பில்ஸ்னரைத் திறந்தோம். ராயபுரத்தில் எங்கள் வீடு சர்ச்சுக்குப் பின்தெருவில், மாடியோடு சேர்ந்து மூன்று அறை. மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். அண்ணி நெத்திலி வறுத்துக்கொண்டு வந்தாள். மூன்று எவர்சில்வர் டம்ளர்கள். எவர்சில்வரில் பீர் குடிப்பதைப் பார்த்தால் பாம்பெர்க்கில் என் வேலையே போய்விடும் என்றேன். அண்ணன் லேசாகச் சிரித்தார். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

பில்ஸ்னர் நல்ல குளிர்ச்சியில் இருந்தது. வெளிறிய பொன் நிறம், மேலே கையால் எடுத்துப் பூசலாம் போல நுரை. முதல் வாயில் புல் வாசனையும் ரொட்டி வாசனையும், அப்புறம் நாக்கின் அடியில் போய் உட்காரும் கசப்பு. நெத்திலி எண்ணெயை அந்தக் கசப்பு துடைத்து எடுத்துவிடும். அடுத்த மீனை எடுக்க வாய் புதிதாகிவிடும். "கசப்பு நல்லா கீது" என்றார் அண்ணன். அண்ணி ஒரு வாய் குடித்து, பாகற்காய்க்கு ஏன் வெளிநாடு போக வேண்டும் என்று கேட்டுவிட்டு டம்ளரை மட்டும் கீழே வைக்கவில்லை.

நைனாவைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் அப்பா சூசை, துறைமுகத்தில் கலாசி. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. எப்போதாவது ஜெர்மன் கப்பல் வந்தால் மாலுமிகள் ஒரு பாட்டில் கொடுப்பார்கள். அவர் அதை உடனே குடிக்கமாட்டார். கிறிஸ்துமஸ் வரைக்கும் அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். பண்டிகையன்று வெதுவெதுவென்று இருக்கும் அந்தப் பீரில் எங்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு மூடி அளவு ஊற்றுவார். நான் துப்பிவிடுவேன். அண்ணன் விழுங்கிவிட்டு, பெரிய மனுஷன் மாதிரி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். அதைச் சொன்னதும் அண்ணன் காலரைத் தொட்டார். பனியன் போட்டிருந்ததால் அங்கே காலர் இல்லை. மூவரும் சிரித்தோம்.

அப்புறம் சோற்றில் மீன் குழம்பு ஊற்றினாள் அண்ணி. மாங்காய் போட்ட வவ்வால் மீன் குழம்பு, நான் பாம்பெர்க்கில் கனவு காண்கிற குழம்பு. அண்ணன் ஒரு வாய் தின்றார், உப்பு டப்பாவை எடுத்து மேலே தூவினார், மிளகாய்த் தூள் கேட்டார். பாதி சோற்றோடு தட்டைத் தள்ளிவிட்டு, "ஒரு ருசியும் இல்ல" என்று எழுந்து போனார்.

சமையலறையில் அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசினாள். முகத்தைக் காட்டவில்லை. மசாலா அரைக்கும் மில்லை மூன்று தடவை மாற்றிவிட்டாளாம். மிக்ஸியை விட்டுவிட்டு அம்மியில் அரைத்துப் பார்த்தாளாம். யானைக்கவுனிக்குப் போய் மிளகாய் வாங்கி வந்தாளாம்.

"எங் கைப்பக்குவம் போய்ட்ச்சு ஸ்டெல்லா. அவரு சொல்றது நெஜம்தான் போல."

நான் இப்போதுதான் மூன்று தட்டு சாப்பிட்டேன் என்றேன். நீ பட்டினியாக வந்தவள், உனக்கு எல்லாம் ருசிக்கும் என்றாள்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து அண்ணனும் நானும் பழைய வார்ஃப் சுவரை ஒட்டி நடந்தோம். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் நிழலில் சீட்டு ஆடினார்கள். அண்ணன் வேகமாகத்தான் நடந்தார். ஒரு சாக்கடையைத் தாண்டிக் குதித்தார். முதியோர் இல்லத்தில் முப்பத்துநாலு வருஷம் முட்டிகளைப் பார்த்தவள் நான். இந்த முட்டியில் எனக்கு ஒரு கோளாறும் தெரியவில்லை. கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஒரு டீக்கடைக்குள் நுழைந்துவிட்டார்.

மத்தியானம் புகை பீர். இதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாம்பெர்க்குக்கு வரும் வெளியூர்க்காரர்கள் இதை முதல் வாய் குடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. கறுத்த காப்பி நிறம். மூடியைத் திறந்தாலே அடுப்படி வாசனை அறையை நிறைக்கும். முதல் கிளாஸில் திட்டுவார்கள், இரண்டாவதில் யோசிப்பார்கள், மூன்றாவதில் ஊர்க்காரர் ஆகிவிடுவார்கள். எனக்கே மூன்று வருஷம் பிடித்தது. ஒரு குளிர்கால மாலையில் அந்தப் புகைக்குள்ளே அம்மா தணலில் கருவாடு சுட்ட வாசனையைக் கண்டுபிடித்தேன். அன்று டிராமில் உட்கார்ந்து அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன் என்று எழுதலாம். பாம்பெர்க்கில் டிராம் இல்லை. நடந்துதான் அழுதேன்.

திறந்த உடனே அண்ணி கூடத்திலிருந்து ஓடி வந்தாள். எதை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தேன் என்று கேட்டாள். டம்ளரை நீட்டினேன். முகர்ந்துவிட்டுத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். யாரோ கருவாடு சுட்ட கையைக் கழுவாமல் பீர் ஊற்றின மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. எனக்கு மூன்று வருஷம் பிடித்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

அண்ணனுக்கு ஊற்றினேன். ஒரு மடக்கு, இரண்டு மடக்கு. எந்த மாற்றமும் இல்லை.

"நல்லா கீது. நேத்து மாதிரியேதான்."

நேற்று மாதிரியா? புகை தெரியவில்லையா என்று கேட்டேன். ஆமாம் ஆமாம், புகை, நல்ல புகை என்றார். மரியாதைக்குச் சொல்கிறார், பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எண்ணூருக்குக் கிளம்பினோம். முகத்துவாரக்குப்பத்தில், ஆறு கடலில் கலக்கிற இடத்துக்கு நைனா எங்களைச் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிப் போவார். அங்கே உட்கார்ந்து கோதுமை பீரைக் குடிக்காவிட்டாலும் இடத்தைப் பார்த்தாவது வரலாம் என்பது என் ஆசை. பாட்டிலை ஒரு ஈரத் துண்டில் சுற்றி, ஐஸ் நிரப்பிய பிளாஸ்டிக் கூடையில் வைத்து, மேலே இட்லிப் பொட்டலத்தைப் போட்டு மறைத்தாள் அண்ணி. அவள் வரவில்லை. அண்ணனும் தங்கச்சியும் போய்விட்டு வாருங்கள் என்றாள்.

கும்மிடிப்பூண்டி வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. ஜெர்மன் ரயிலுக்குப் பல வருஷம் காத்து நின்றவள் என்பதால் எனக்கு அது பெரிய செய்தி. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டார். நைனா எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு விளையாட்டு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு வாசனையை வைத்தே ஸ்டேஷனைச் சொல்ல வேண்டும். கொருக்குப்பேட்டையில் எண்ணெய். தண்டையார்பேட்டையில் பெட்ரோல். அதைத் தாண்டினால் பெயிண்ட் கம்பெனி. திருவொற்றியூரில் ஒரு பக்கம் கோயில் பூ, ஒரு பக்கம் கந்தகம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "பெயிண்ட் வாசனை இன்னும் அப்டியே கீது பாரு" என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை. என் மூக்கு ஜெர்மன் மூக்காகிவிட்டது போல என்று நினைத்து, காற்றுக்காக எழுந்து வாசல் பக்கம் போய் நின்றேன்.

திருவொற்றியூரில் கூட்டம் ஏறியது. யாரோ ஓர் இரும்புப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அது அண்ணன் காலடிக் கூடையில் இடித்த சத்தம் எனக்கே கேட்டது. பெட்டிக்காரர் மன்னிப்புக் கேட்டார், அண்ணன் பரவாயில்லை என்றார். வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ரயில் பெட்டி முழுக்க அந்த வாசனை. கனிந்த பூவன் பழம், கிராம்பு, புளித்த மாவு. கோதுமை பீரை நான் எங்கே முகர்ந்தாலும் கண்டுபிடிப்பேன். ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். ஒரு பள்ளிக்கூட டீச்சர் என்னை முறைத்தார். காலி அலுமினிய அன்னக்கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா மட்டும் நேராக அண்ணனைக் கேட்டார்.

"இன்னா நைனா, காலைலயே பீப்பாய ஒடச்சிட்டியா?"

அண்ணன் கீழே பார்த்தார். செருப்பைச் சுற்றி நுரையோடு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐஸ் கரையுதும்மா" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மீன்காரம்மா என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை. நாற்பது பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் பெட்டியில், கால் நனைய உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் அது தண்ணீர். உப்பு டப்பாவும், நேற்று மாதிரியே இருந்த புகை பீரும், இல்லாத பெயிண்ட் வாசனையும் எனக்கு ஒன்றாகச் சேர்ந்து வந்தன. நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு மூன்று நாள் கூடவே இருந்திருக்கிறேன்.

எண்ணூரில் இறங்கிக் கூடையைக் கொட்டிக் கழுவினோம். பாட்டில் கழுத்தோடு உடைந்திருந்தது. அண்ணன் என் பீர் போய்விட்டதே என்று திரும்பத் திரும்ப வருத்தப்பட்டார். ஷேர் ஆட்டோவில் முகத்துவாரக்குப்பம் போகிற வரை நான் எதுவும் கேட்கவில்லை.

குப்பத்தில் படகுகளைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனல் நிலையத்துப் புகைபோக்கிகள், நிலக்கரி கொண்டுபோகும் நீளமான பாதை. நைனா காலத்தில் அங்கே வெறும் மணல் திட்டும் நாரைகளும்தான். ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து இட்லியைத் தின்றோம். அப்புறம் கேட்டேன்.

"எப்போலேர்ந்துண்ணா வாசன தெரியல?"

அவர் நிறைய நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். ஜுரத்தில் போனது, திரும்பவே இல்லை என்றார். உப்பு, புளிப்பு, கசப்பு, இனிப்பு, காரம் இவ்வளவுதான் தெரிகிறது, மீதியெல்லாம் ஈரக் காகிதம் மெல்வது மாதிரி. டாக்டரிடம் போகவில்லை. வந்துவிடும் வந்துவிடும் என்று இருந்திருக்கிறார். ஒரு தடவை காசிமேட்டில் கெட்டுப்போன மீன் கூடை ஒன்றை ஓட்டலுக்கு அனுப்பிவிட்டார். ஓட்டல்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு மறுநாள்தான் முட்டி வலி வந்தது.

"மீன் வாங்குறவனுக்கு மூக்கு இல்லன்னா அவன் எதுக்கும்மே?" என்றார்.

வீட்டில் கேஸ் கசிந்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். அடுப்படியைத் தாண்டும்போதெல்லாம் கையால் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறாராம். நாலு வருஷமாக, ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை.

அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார். நைனாவின் காக்கிச் சட்டை ஒன்றைப் பெட்டியில் வைத்திருந்தார். சாக்கு வாசனையும் பீடி வாசனையும் அதில் அப்படியே இருந்ததாம். மனசு சரியில்லாதபோது எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மடித்து வைப்பாராம். "இப்போ அது வெறும் துணியா கீது ஸ்டெல்லா" என்றார். எனக்கு அந்தச் சட்டை இருப்பதே அன்றுவரை தெரியாது.

அண்ணியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் பயந்துகொள்வாள் என்றார். அப்போதுதான் நான் சமையலறையில் கேட்டதைச் சொன்னேன். மூன்று மில், அம்மி, யானைக்கவுனி மிளகாய், கைப்பக்குவம் போய்விட்டது என்று அவள் சொன்னது, எல்லாவற்றையும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இதைப் பற்றி அவர் ஒரு நாளும் யோசித்ததே இல்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. திரும்பி வரும்போது வண்டியில் ஒரு ஸ்டேஷன் பெயரையும் சொல்லவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் அண்ணியும் நானும் உடைந்த பாட்டிலுக்குப் பதில் தேடிப் போனோம். அது அண்ணியின் யோசனை. என் பீர் வீணாகிவிட்டதே என்று அவளுக்கு அவ்வளவு வருத்தம். மெட்ரோவில் ஏறி ஒரு பெரிய மாலுக்குப் போனால் அங்கே வெளிநாட்டுச் சரக்கு விற்கும் எலைட் கடை இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் விசாரித்து வைத்திருந்தாள். கண்ணாடிக் கதவு, ஏசி, மெல்லிய இசை. இரண்டு புடவைக்காரிகள் உள்ளே நுழைந்ததும் வரிசையில் நின்ற ஆண்கள் சர்ச்சில் நிற்கிற மாதிரி ஒதுங்கி நின்றார்கள். கடைக்காரத் தம்பி, அம்மா என்ன வேண்டும் என்று கூசிக்கொண்டே கேட்டார். கோதுமை பீர், ஜெர்மனியது, தேதி பார்த்து எடுங்கள் என்றேன். அவர் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, இது எப்படி இருக்கும் என்று என்னிடமே கேட்டார். யாரும் வாங்குவதில்லையாம். கடைசி இரண்டு விரல் அளவைப் பாட்டிலிலேயே நிறுத்திச் சுழற்றி, அடியில் தங்கின வண்டலையும் சேர்த்து ஊற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். பின்னால் நின்றவர்களும் கவனமாகக் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அண்ணியும் நானும் அதைச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தே குடித்தோம். கப்பலில் பல வாரம் வெயிலில் வந்த பீர், பாம்பெர்க்கில் குடிப்பது போல இல்லைதான். ஆனாலும் பழமும் கிராம்பும் இருந்தன. பிரியாணி தம் உடைத்த மாதிரி வாசனை வருகிறது என்று அண்ணி சொன்னாள். அவள் மூக்குக்கு எங்கள் ஊரில் வேலை கிடைக்கும் என்றேன். அண்ணனின் விஷயம் என் நுனி நாக்கில் நின்றது. அது நான் சொல்ல வேண்டியதில்லை என்று விழுங்கினேன்.

சாயங்காலம் மாடியில் கோஸெ. கடற்காற்று வந்துகொண்டிருந்தது. அண்ணன் டம்ளரை வாங்கிக் கடமைக்கு ஒரு மடக்கு குடித்தார். நின்றார். இன்னொரு மடக்கு. நாக்கால் மேலண்ணத்தைத் தடவிப் பார்த்தார்.

"உப்பு" என்றார். "புளிக்குது. உப்பு கரிக்குது. ஏய், நல்லா கீதே இது."

நாலு நாளில் முதல் தடவையாக அவர் குடித்த பீர் அதுதான். அதற்கு முன் குடித்ததெல்லாம் எனக்காக. டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மாங்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்றதும், பீச்சில் அலை வாயில் அடித்ததும் இதில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். அண்ணிக்கு அவர் இப்படிப் பேசி நாளானதால் முகம் மலர்ந்துவிட்டது. அவளும் குடித்தாள்.

"தனியா வாசன எப்டி தூக்குது பாருங்க. ரசத்துக்கு வறுத்தாப்ல" என்றாள்.

அண்ணன் டம்ளரைச் சுவர் மேல் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு அது தெரியல ரீட்டா. நாலு வருஷமா எந்த வாசனையும் தெரியல. ஒன் கொழம்புல ஒரு கொறையும் இல்ல. எம் மூக்குதான் போச்சு."

அண்ணி முதலில் நம்பவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

நாங்கள் இருவரும் அங்கேயே நின்றோம். கீழே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. போய்ப் பார் என்று அண்ணன் கண்ணைக் காட்டினார். நீயே போ என்றேன். அவர் போகவில்லை, பயம். வெகுநேரம் கழித்து அவளே மேலே வந்தாள். கண் சிவந்திருந்தது. எங்கள் எதிரே நின்றாள்.

"நான் இன்னா பாவம் பண்ணேன்னு நாலு வருஷம் சாமி கிட்ட கேட்டுகினு இருந்தேன்யா. நீ வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

அவள் என் கையிலிருந்த தன் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"உப்பு தெரியுமா?"

"தெரியும்."

"புளிப்பு?"

"தெரியும்."

"காரம்?"

"தெரியும்."

"அப்போ கம்முனு இரு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றாள்.

மீதி கோஸெயை மூவரும் பங்கிட்டுக் குடித்தோம். அண்ணனுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினாள்.

ஐந்தாம் நாள், நான் கிளம்ப வேண்டிய நாள், விடிந்ததும் மூன்று பேரும் காசிமேட்டில் நின்றோம். ஏலம் விடுகிறவர் அண்ணனைப் பார்த்துவிட்டு, எங்கே ஆளையே காணோம் என்று கேட்டார். அண்ணன் சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படிச் சொன்னார். மூக்கு போய்விட்டது, இனிமேல் இவள் மூக்கை வைத்துத்தான் வாங்குவேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தன் மச்சானுக்கும் அப்படித்தான் என்றார். அண்ணன் மீனின் கண்ணைப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அண்ணி செவுளைத் தூக்கி முகர்ந்து, இரண்டைத் தள்ளினாள், மூன்றாவதைக் கூடையில் போட்டாள். காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போக வேண்டிய நாளையும், தினமும் காலையில் கிராம்பும் எலுமிச்சையும் முகர்ந்து மூக்கைப் பழக்கும் முறையையும் நான் ஒரு தாளில் எழுதி அண்ணியிடம் கொடுத்தேன். வரும் என்று சத்தியம் செய்யவில்லை. சிலருக்கு வருகிறது, சிலருக்கு வருவதில்லை. அதையும் சொன்னேன்.

மத்தியானம் வஞ்சிரம் குழம்பு. என் பெட்டி வாசலில் தயாராக நின்றது. அண்ணி அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து பரிமாறினாள். அவர் முதல் வாயைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் அவளைப் பார்த்தார்.

"எப்டி கீது, சொல்லு" என்றார்.

அண்ணிக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. குழம்புச் சட்டியின் மேல் குனிந்து முகர்ந்தாள்.

"வெந்தயம் முன்னால வருது. லேசா செவந்துட்ச்சு, ஆனா கசக்கல" என்றாள். "அதுக்குப் பின்னால புளி. பூண்டு நல்லா வெந்துகீது. கறிவேப்பில இப்பதான் போட்டது, அது மேலயே நிக்குது. மீன் வாசன கடசியில வருது, கடல் மாதிரி, கவுச்சியே இல்ல."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அடுத்த வாய்க்கும் காத்திருந்தார். அவள் அதற்கும் சொன்னாள். தட்டு காலியாகும்வரை அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவர் தின்றுகொண்டே இருந்தார். டாக்சி வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது. நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன்.